நிரந்தர முகவரி கேட்ட படிவம்

அந்தப் படிவத்தின் நான்காவது கேள்வியை எழுதியவள் நான். ‘நிரந்தர முகவரி’ என்பது அந்தக் கேள்வி. அதைச் சேர்க்கும்படி எவரும் எனக்குச் சொல்லவில்லை. அதுவரை நான் நிரப்பியிருந்த எல்லாப் படிவங்களிலும் அது இருந்தது. ஆகவே என்னுடைய படிவத்திலும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்து முடித்து, முதல் வேலையில் சேர்ந்திருந்த காலம் அது. கொழும்பு, கொட்டாஞ்சேனையின் ஒரு பகுதிக்கான உள்ளூர் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு, மக்களிடம் தமிழில் பேசி, அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் எழுதித் தரக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். ஒப்பந்த அடிப்படையில் என்னை எடுத்தார்கள். நான் நகரின் மறுமுனையிலுள்ள வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். கொட்டாஞ்சேனைக்குத் திருவிழாவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் வந்திருக்கிறேனே தவிர, அங்குள்ளவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. மொழி தெரிந்தால் போதும் என்று அலுவலகம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலை மூன்று கட்டங்களாக நடக்க இருந்தது. முதலில் வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டுவது. பிறகு, அந்த விபரங்களைக் கொண்டு வரையப்படும் திட்ட வரைவைப் பொது இடமொன்றில் காட்சிக்கு வைத்து, ஆட்சேபனைகளை எழுத்தில் பெறுவது. கடைசியாக, ஆட்சேபனை சொன்னவர்களை அழைத்து நேரில் கேட்பது. மக்கள் கருத்தைக் கேட்டுத் திட்டமிடுவது குறித்து இறுதியாண்டில் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். அதில் நல்ல சொற்கள் நிறைய இருந்தன. படிவம் என்ற சொல் ஓரிடத்திலும் இருக்கவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்ட ஒழுங்கைகளில் ஒன்று, இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பெருந்தெருவிலிருந்து உள்ளே போய், ஒரு பொதுக் குளியலிடத்தில் முடிந்தது. அந்தக் குளியலிடத்தை அங்குள்ளவர்கள் பைப்படி என்றார்கள். ஒரு சீமெந்துத் தொட்டி, நான்கு குழாய்கள், நாலு கழிப்பறைகள், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் சுவர், மேலே தகரம். ஒழுங்கையில் எந்த வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய் இல்லாத காலத்தில் கட்டப்பட்டது. இப்போது கீழ்த்தள வீடுகள் அநேகமானவற்றில் சொந்தக் குழாய் வந்துவிட்டது. நான் போன நேரமெல்லாம் பகல். பகலில் பைப்படி காலியாகவே கிடந்தது. ஒரு பூனை தொட்டி விளிம்பில் படுத்திருக்கும்.

ஒழுங்கையின் நடுவில் இரண்டு மாடி வீடு ஒன்று இருந்தது. கீழே வீட்டுக்காரி தன் கணவரோடு வசித்தார். அறுபது வயதைத் தாண்டியவர். ஒழுங்கை முழுவதற்கும் அவர் அன்ரி. மேல்மாடியைப் பலகைத் தட்டிகளால் ஐந்து அறைகளாகப் பிரித்து, ‘போடிங்’ என்று மாத வாடகைக்கு விட்டிருந்தார். அவற்றில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் மலையகத் தோட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குள் மூத்தவர் நாற்பது வயதளவில் இருப்பார். வெள்ளவத்தையில், என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அவரும், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நானுமாக, ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம் என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை மிஸ் என்றார். கடைசிவரை அதை மாற்றவில்லை.

படிவம் நிரப்பப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தட்டிக்கு அப்பால் யாரோ தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து எழுதினார்.

“நிரந்தர முகவரின்னா தோட்டத்து அட்ரஸ் தானே மிஸ்?”

“உங்கட நிரந்தர முகவரி எதுவோ அதை எழுதுங்க அக்கா.”

“ஐடென்டி கார்டுல அதுதான் இருக்கு. இங்க இருக்கிறது போடிங் தானே. போடிங்க போயி யாராச்சும் நிரந்தரம்னு எழுதுவாங்களா?”

தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது: “அக்கா, நீங்க பதினாலு வருசமா இருக்கீங்க. இன்னும் நிரந்தரம் ஆகலயா?”

“ஒனக்குக் கல்யாணம் ஆகிப் போனா இந்த ரூம் எனக்கு நிரந்தரம்டி. போ, தலையத் தொவட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினொரு படிவங்களிலும் பதினொரு தோட்டங்களின் பெயர்கள் எழுதப்பட்டன. எழுத்துகள் தெளிவாக இருந்தன. நன்றாக நிரப்பியிருக்கிறார்கள் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

சில மாதங்களின் பின் திட்ட வரைவு தயாராகி, பெருந்தெருவிலிருந்த மண்டபமொன்றின் சுவரில் தொங்கவிடப்பட்டது. ஒழுங்கையின் முடிவில், பைப்படி இருந்த இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சாம்பல் நிறம் வாகனத் தரிப்பிடத்தைக் குறித்தது. அதற்கான காரணம் இணைப்பில் ஒரே வசனத்தில் சொல்லப்பட்டிருந்தது: அண்மையில் வசிப்போரில் மிகச் சிலரே இந்த வசதியைப் பயன்படுத்துகின்றனர்.

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் விபரங்களைத் திறந்து பார்த்தேன். நிரந்தர முகவரி திட்டப் பகுதிக்கு வெளியே இருந்த எல்லோரும் வசிப்போர் கணக்கில் சேராமல் ‘வருகையாளர்’ என்ற பிரிவில் போடப்பட்டிருந்தார்கள். தரவு ஏற்றியவர் மீது பிழை சொல்ல முடியாது. கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தக் கையேட்டையும் எழுதியவள் நான்தான். அந்த ஒழுங்கையில் மட்டுமல்ல, ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகளிலும் தட்டிக்குள் வாழ்ந்த அத்தனை பேரும் தங்கள் சொந்தக் கையெழுத்தாலேயே வருகையாளர்களாகியிருந்தார்கள்.

எனக்கு மேலிருந்த திட்டமிடல் அதிகாரி நிதானமான மனிதர். சிங்களத்தில்தான் கதைப்பார்; என்னை நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடுவார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நங்கி, ஃபோம் நீங்க செய்ததுதானே?”

“ஓம் சேர்.”

“வரைவு இப்ப மக்களுக்கு முன்னால போயிட்டுது. நான் உள்ளே இருந்து மாத்தினா, பார்க்கிங் கேட்ட கடைக்காரர் நாளைக்கே வந்து எந்த அடிப்படையில மாத்தினீங்க எண்டு கேட்பார். அவர் கேட்கிறதும் நியாயம். ஆட்சேபனை வரட்டும். வந்தா நான் பார்க்க வேணும். பார்க்காம விட ஏலாது.”

கடைக்காரர்களின் பக்கத்திலும் பொய் இருக்கவில்லை. பெருந்தெருவில் லொறிகள் இரண்டு வரிசையாக நின்று சாமான் இறக்கின. ஒருமுறை அம்பியூலன்ஸ் ஒன்று அங்கே சிக்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். வாகனத் தரிப்பிடம் ஒன்று அந்தப் பகுதிக்குத் தேவைதான். ஒரு நிலத்துண்டை இரண்டு தேவைகள் கேட்கும்போது எது பெரியது என்று முடிவெடுப்பதற்காகத்தான் திட்டமிடல் என்ற துறை இருக்கிறது. ஆனால் ஒரு தேவை தராசிலேயே ஏறவில்லை; ஏறவிடாமல் செய்தவள் நான்.

ஆட்சேபனை எழுதும்படி கேட்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தின் கதையைச் சொன்னதும் மடிப்பதை நிறுத்தினார்.

“பைப்படி இல்லாட்டி நாங்க எங்க மிஸ் குளிக்கிறது? கீழ ஒரே ஒரு பாத்ரூம். அதுவும் அன்ரி வீட்டு மாமாவுக்குச் சுகமில்ல, அவருக்கே பத்தாது. ஒம்பது மணிக்குக் கடையில நிக்கணும், தலைக்குக் குளிச்சுப் பூ வச்சு நிக்கணும்னு முதலாளி சொல்லுவாரு. குளிக்காமப் போனா மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

“வேற போடிங் பார்க்கலாமா?”

“பாத்ரூமோட ரூம் எடுத்தா வீட்டுக்கு அனுப்புறதுக்கு மிஞ்சாது. மக ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா. நான் இங்க இருக்கிறதே அதுக்குத்தானே. இல்லாட்டித் தோட்டத்துக்கே போயிருவேன்.”

ஆட்சேபனைப் படிவத்தில் தற்போதைய முகவரி கட்டாயம் என்று விளக்கினேன். பாதிக்கப்படுபவர் எங்கே வசிக்கிறார் என்று தெரியாவிட்டால் ஆட்சேபனையை ஏற்க மாட்டார்கள். படியேறி வந்துகொண்டிருந்த அன்ரி அதைக் கேட்டுவிட்டார். மூச்சு வாங்கியபடி மேல்படியிலேயே நின்றார்.

“பிள்ளை, என்ர வீட்டு நம்பரை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. மேல்மாடிக்குப் பிளான் பாஸ் பண்ணேல்ல. எழுதின அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் வந்து நிப்பான். பதினொரு பொம்பிளையள் ஏன் இஞ்ச எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர் எண்டோ?”

“அப்ப வருசம் பூரா இங்க கல்யாணந்தான் அன்ரி,” என்றார் அக்கா.

“உனக்குப் பகிடி. தட்டியை உடைக்கச் சொன்னா நீ எங்க போவாய்?”

முகவரியை எழுதினால் அறை போகும். எழுதாவிட்டால் பைப்படி போகும். இரண்டில் எது போனாலும் அக்கா கொழும்பில் இருக்க முடியாது. ‘உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்’ என்று நாங்கள் அச்சடித்து ஒட்டிய சுவரொட்டி அந்த வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அவரை எழுதும்படி வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை என்று அன்று உணர்ந்தேன். எழுத வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தேதியையும் மண்டபத்தின் பெயரையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேரில் கேட்கும் நாளில் யாரும் வந்து பார்வையாளராக உட்காரலாம் என்று சொன்னேன்.

அவர் வந்தார். கடையில் அரை நாள் லீவு எடுத்து, கடைக்கு உடுத்தும் அதே சேலையில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் இருந்த இரும்புக் கடை முதலாளி ஒருவர் வாகன நெரிசலைப் பற்றி நன்றாகத் தயாரித்து வந்து பேசினார். புகைப்படங்கள் காட்டினார். பேசி முடித்ததும், வேறு யாருக்காவது இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன். அக்கா எழுந்து நின்றார்.

“நாங்க அங்க தான் குளிக்கிறோம் சேர். விடியக்காலம நாலரைக்கு ஆரம்பிச்சா ஆறரைக்குத்தான் முடியும். எங்க பேரு அட்ரஸ் எல்லாம் எழுத ஏலாது. ஆனா வாளி இருக்கு. வந்து வாளியப் பாருங்க.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார். “அடுத்த எலெக்சனுக்கு வாளிக்கும் ஓட் குடுப்பமா?”

“குடுங்க முதலாளி. ஒங்க லொறிக்குக் குடுக்கிற எடத்த விட வாளிக்குக் கொறைய எடம் போதும்.”

இந்த முறை சிரித்தது பின்வரிசை. நான் மொழிபெயர்க்கும் வரை காத்திருந்த அதிகாரி, எந்த வாளி என்று கேட்டார்.

அதன் பிறகுதான் அந்த வழக்கத்தை நானும் முழுமையாக அறிந்தேன். பைப்படியின் பெண்கள் பக்கத்தில் வரிசையை மனிதர்கள் பிடிப்பதில்லை, வாளிகள் பிடிக்கும். மாலை ஆறு மணிக்குப் பின் ஒவ்வொருத்தியும் தன் வாளியைச் சுவரோரம் கொண்டுவந்து வைப்பாள். மறுநாள் காலை அந்த ஒழுங்கில்தான் குளிப்பு. ஏழு மணிக்குள் வைக்காதவள் கடைசி. வேலை நேரத்தை வைத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். கேட்காமல் மாற்றக் கூடாது. பிறருடைய வாளியைத் தள்ளி வைப்பது அந்த ஒழுங்கையில் ஒருவரும் செய்யாத காரியம். எது யாருடையது என்று அடையாளம் இருக்கும்: நூல், நகப்பூச்சுப் புள்ளி, பழைய வளையல். அக்காவின் பச்சை வாளியின் பிடியில் சேலைக் கரைத் துண்டொன்று சுற்றியிருந்தது. நான் பல மாதங்கள் அந்த ஒழுங்கையில் நடந்தும் இதைக் காணவில்லை. நான் ஐந்து மணிக்கு பஸ் ஏறிவிடுவேன்.

அதிகாரி வியாழக்கிழமை மாலை வருவதாகச் சொன்னார். சொல்லாமல் வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். செய்தி ஒழுங்கையெல்லாம் பரவிவிட்டது. நாங்கள் ஆறரை மணியளவில் வேனில் போய் இறங்கியபோது, வாளி வரிசை பைப்படிச் சுவரைத் தாண்டி, ஒழுங்கையின் ஓரமாக நீண்டு, பெருந்தெருவைத் தொட இருந்தது. சொந்தக் குழாய் உள்ள வீடுகள் எல்லாம் தங்கள் பங்குக்கு வாளி வைத்திருந்தன. அரிசி போட்டுவைக்கும் மூடி வாளிகூட ஒன்று நின்றது. சில வாளிகளில் நடைபாதைக் கடை விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அன்ரி வாசலில் கைகட்டி நின்றார்; அவருடைய வாளி நான்கு. உதவி செய்துவிட்ட திருப்தி எல்லா முகத்திலும் தெரிந்தது.

அதிகாரி குனிந்து ஒரு புதிய வாளியைத் தூக்கிப் பார்த்தார். விலைச் சீட்டைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

“நங்கி, இது நேற்று வாங்கினது.”

அவர் கையிலிருந்த திட்டக் கோப்பை மூடினார். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற வாளிகளையும் யாரும் நம்பத் தேவையில்லை. அவர் அப்படியே வேனில் ஏறிப் போயிருந்தால் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் அக்கா பஸ்ஸை விட்டிறங்கி, தோள்பையோடு ஒழுங்கைக்குள் வந்தார். வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாரு இதெல்லாம் வச்சது?”

“ஒங்களுக்காகத்தான் அக்கா வச்சோம்,” என்றாள் ஒருத்தி.

“எனக்கு இருக்கிறது ஒரே ஒரு ஒடம்பு தானே? அத எத்தன வாளியில குளிப்பாட்டுறது?”

பையை அன்ரியின் படியில் வைத்துவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, வாளிகளைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்கத் தொடங்கினார். பிறர் வாளியில் கை வைக்காத ஒழுங்கையில் அவர் அதைச் செய்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒருத்தி முணுமுணுத்தாள்: “நல்லது செஞ்சா இப்படித்தான்.” அக்கா கேட்காதது போல் வேலையைத் தொடர்ந்தார். கடையில் இருப்பு எடுப்பவர் போல, நிற்க வேண்டிய வாளி ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னார்.

“இது பேக்கரியில நிக்கிற புள்ள. நாலரைக்கு. இது கிளினிக்ல துப்புரவு வேல; அஞ்சுக்குள்ள போயிரணும். இது ரெண்டும் தையல் கடை, அக்கா தங்கச்சி, ஒரே வாளி போதும்னு சொல்லுவாங்க, சண்ட வந்தா ரெண்டு வைப்பாங்க. இன்னிக்கு சண்ட.”

நான் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். அதிகாரி கோப்பை மறுபடி திறந்திருந்தார். கடைசியில் பத்தொன்பது வாளிகள் மிஞ்சின: அன்ரியின் மேல்மாடியின் பதினொன்றும், பக்கத்து வீடுகளின் தட்டி அறைகளிலிருந்து எட்டும்.

“இந்தப் பத்தொன்பது பேரும் எங்க இருக்கினம் எண்டு கேளுங்க,” என்றார் அதிகாரி.

நான் கேட்டேன். அக்கா வாசல் பக்கம் திரும்பினார். அன்ரி வாசல் கம்பியைப் பிடித்திருந்தார். மேல்மாடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, பதினொரு துவாய்கள் ஒரே கொடியில் தொங்கின. பொய்யை ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பால் வைத்தவர் இப்போது என்ன சொல்வார் என்று நானும் அறியேன்.

“குளிச்சிட்டு ஈரத்தோட நடந்து போற தூரத்துலதான் இருக்கோம்னு சொல்லுங்க மிஸ்.”

சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி துவாய்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: பயன்படுத்துவோர் பத்தொன்பது, அனைவரும் மிக அண்மையில் வசிப்போர், நேரில் உறுதிப்படுத்தப்பட்டது.

திரும்பும் வழியில் வேனில் அவரே பேச்சை எடுத்தார். “நான் பார்க்க வந்தது நிலப் பயன்பாடு. கட்டிடம் வேற டிவிஷன்.” அதைச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாக்கியம் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. பின்னர் அவ்வளவு ஆறுதலாக இருக்கவில்லை. மேல்மாடிக்கு ஒரே ஒரு ஒடுங்கிய மரப்படி. பலகைத் தட்டிகளுக்கு இடையே மின்கம்பிகள் போகும் விதத்தை நான் பார்த்திருந்தேன். தீப்பிடித்தால் பதினொரு பேர் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. அதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் தட்டிகள் உடைக்கப்படும், பெண்கள் வெளியேற்றப்படுவார்கள், வேறொரு மேல்மாடியில் வேறொரு மரப்படியில் ஏறுவார்கள் என்று இன்னொரு மனம் சொன்னது. அன்ரியிடம் மட்டும் தனியாகப் பேசினேன். ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுக் கம்பிகளை மாற்றினார். பின்பக்கம் இரும்பு ஏணி போடுவதாகவும் சொன்னார். ஏணி போட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியா என்பதும் தெரியாது. படிவத்தின் பிழையைத் திருத்த நான் அடுத்த பகுதிகளுக்கு ‘இப்போது எங்கே உறங்குகிறீர்கள்’ என்ற கேள்வியைச் சேர்த்தேன். அதற்கும் சிலர் பதில் எழுதாமல் விட்டார்கள். அதற்கான காரணம் இப்போது எனக்குப் புரிந்தது.

திட்டத்தின் இறுதி வடிவம் வெளிவர நீண்ட காலம் எடுத்தது. வந்த அன்று முதலில் அந்த ஒழுங்கையைத்தான் தேடினேன். சாம்பல் நிறம் போயிருந்தது. குளியலிடம் நீல நிறத்தில், சிறு சதுரமாக இருந்தது. வாகனத் தரிப்பிடம் பெருந்தெருவின் மறுபக்கத்துப் பழைய களஞ்சியமொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது. நீலச் சதுரத்துக்கு அருகில் ஓர் உடுக்குறி. கீழே சிறிய எழுத்தில்: அடுத்த மீளாய்வு வரை தொடரும் பயன்பாடு. அடுத்த மீளாய்வு என்பது ஐந்து வருடங்களின் பின்.

அன்று மாலை நேரே வெள்ளவத்தைப் புடவைக் கடைக்குப் போனேன். காசாளர் மேசையில் முதலாளி இருந்தார். அக்கா என்னைக் கண்டதும் அறிமுகமில்லாதவர் போலச் சிரித்தார்.

“வாங்க மிஸ். கொட்டன் சாரியா, சில்க்கா?”

“கொட்டன்,” என்றேன்.

ஒரு சேலையை மேசையில் விரித்தார். நான் அதன் கரையைத் தொட்டபடி, தாழ்ந்த குரலில் செய்தியைச் சொன்னேன். உடுக்குறியையும் மறைக்காமல் சொன்னேன்.

“அஞ்சு வருசமா?” சேலையை இன்னொரு மடிப்பு விரித்தார். “மக இந்த வருசம் ஏ.எல். எழுதுறா. கேம்பஸ் கெடச்சாலும் அஞ்சு வருசத்துல முடிச்சிருவா. போதும் மிஸ். அதுக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன்.”

நான் எதிர்பார்த்திருந்த பதில் அதுவல்ல. முழு வெற்றி இல்லையே என்று அவர் வருந்துவார், நான் சமாதானம் சொல்வேன் என்று எண்ணி வந்திருந்தேன். ஒரு நகரத்துக்கு எத்தனை காலத்துக்குத் திட்டமிட வேண்டும் என்று நாங்கள் கூட்டம் கூட்டமாகப் பேசியிருந்தோம். அவருக்குத் தேவைப்பட்ட காலத்தின் அளவை அவர் முன்பே அறிந்து வைத்திருந்தார்.

“அதுக்குப் பிறகு அந்த ரூமுக்கு வாறவங்க?” என்று கேட்டேன்.

“அவங்க வந்து சொல்லிக்குவாங்க மிஸ். அவங்களுக்கும் வாய் இருக்கும் தானே.”

முதலாளி எங்கள் பக்கம் பார்த்தார். அக்கா குரலை உயர்த்தி, நிறம் போகாது, கழுவக் கழுவ மென்மையாகும் என்றார். நான் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டேன். அவர் அதை மடித்துத் தந்துவிட்டு, வாசலில் தயங்கி நின்ற ஒரு தாயையும் மகளையும் வரவேற்கப் போனார்.